நாலாம் போர்டைக் கழற்றும் நேரம்

முன்னூத்தி நாப்பது. இன்னும் நூத்தி எழுவத்திரெண்டு பாக்கி. ஸ்கிரீன்ல நம்பர் ஒவ்வொண்ணா ஏறிக்கிட்டு இருக்கு, நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். இந்த வேலையில பாதி, கையைச் சும்மா வச்சிருக்கிறதுதான், அதுவும் ஒரு வேலைன்னு இந்தக் கட்டடத்துல என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஹெப்சிக்குத் திமிருன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும், இருக்கிறதைத்தானே சொல்லுறாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சர்வர் ரூம்ல தாணு அண்ணன் நிக்கிறாரு, தாணுமாலயன், கையில உறை மாட்டிக்கிட்டு, காதுல போனைச் செருகிக்கிட்டு. அவருக்கு முன்னால ஆள் ஒசரத்துக்குக் கறுப்பா சர்வர், அதுக்குள்ள மெமரி போர்டுங்க, அதுல நாலாவது போர்டுக்குச் சீக்கு. முந்தாநாள் வரைக்கும் நாளைக்கு நாப்பது பிழை காட்டிச்சு, இன்னைக்குக் காலையில ஒரே மணி நேரத்துல முன்னூறு. எல்லாம் மிஷினே தன்னால திருத்திக்கிற பிழைதான். ஆனா திருத்த முடியாத பிழை ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும், மொத்த மிஷினும் கண்ணை மூடிரும். அது மூடினா ஆரல்வாய்மொழிக் கணவாயில நிக்கிற எங்க கம்பெனிக் காத்தாடி இருநூத்திப் பன்னெண்டுக்கும் கண்ணு போச்சு, திரும்பத் தொறக்க இருபத்திரெண்டு நிமிஷம். இருபத்திரெண்டு நிமிஷம் என்ன பெரிசான்னு மேனேஜர் ராஜாசிங் சார் கேப்பாரு. மேல ஆளு இருக்கு சார். அறுபத்தொண்ணாம் காத்தாடி உச்சியில, எண்பது மீட்டர் ஒசரத்துல, ஆடி மாசக் காத்துல, மேல்மூடியைத் தொறந்து போட்டுக்கிட்டு ததேயுஸ் அண்ணன் வேலை பாக்குறாரு. பெரிய காத்து வந்தா நாலு கிலோமீட்டர் மேக்க நிக்கிற காத்தளக்கிற கம்பம்தான் முதல்ல பாக்கும், கம்பம் இந்த மிஷினுக்குச் சொல்லும், மிஷின் அவரு இடுப்புல தொங்குற வாக்கி டாக்கிக்குச் சொல்லும், மூடியை அடைச்சிட்டு உள்ள போன்னு. நாலஞ்சு நிமிஷம் கிடைக்கும், அதுக்குள்ள அடைச்சிரலாம். மிஷின் இல்லேன்னா சொல்ல நாதி இல்ல, காத்து நேரா வந்து மூடியைத் தூக்கி அடிக்கும். பதினொரு வருஷத்துக்கு முன்னால அப்படித்தான் அடிச்சுது, அதே ததேயுஸ் அண்ணன் கையில.

முன்னூத்தி அறுபத்தொண்ணு. நல்லாத்தான் போகுது. நிறுத்திட்டு மாத்துறது ஒரு வேலையா, அதைத் தெருவுல போறவனும் செய்வான். ஓடுறப்பவே மாத்தணும், உள்ள இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியக்கூடாது. பதிலுக்கு ஓடுற ரெண்டாவது சர்வர் ஒண்ணு உண்டு, அது போன வாரம் படுத்துட்டுது, சாமான் வியாழக்கிழமைதான் வருதாம், அதனால இன்னைக்கு இது ஒண்ணுதான் எல்லாத்துக்கும். காலையில ஒம்பது மணிக்கே அஞ்சாம் சிலாட்டுல புது போர்டைப் போட்டாச்சு. போட்டதும் சிஸ்டம் அதைப் பாத்துக்கிடும், ஆனா தொடாது. வீட்டுக்கு வந்தவங்களை உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும்லா, அது மாதிரி இதையும் நாமதான் ஆன்லைன்னு சொல்லி உக்கார வைக்கணும். சொல்லுறதுலயும் விஷயம் இருக்கு. சிஸ்டம் தன்னோட சொந்தச் சாமானை ஒரு போர்டுல வச்சிட்டா அப்புறம் அதை நகத்தவே முடியாது, அது சுவரு மாதிரி. மெமரியில தகவல் பக்கம் பக்கமாத்தான் இருக்கும், அதனால, நகத்தக்கூடிய பக்கத்தை மட்டும்தான் இதுல வைக்கணும்னு முதல்லயே கண்டிஷன் போட்டு உக்கார வைக்கணும். ஏழு வருஷத்துக்கு முன்னால இந்த நாலாம் போர்டு வந்தப்ப நான் அந்தக் கண்டிஷனைப் போட்டேன். ராஜாசிங் சார் பின்னால நின்னுக்கிட்டு, "என்னத்துக்கு ஹெப்சி இந்த ஒரு வார்த்தை கூட? வைக்கிறப்பவே எடுக்கிறதை நினைக்கணுமா?"ன்னாரு. ஆமா சார், நினைக்கணும். வைக்கிறப்ப நினைக்காதவன் எடுக்கிறப்ப அழுவான், நான் அழுது முடிச்சவ. அன்னைக்கு அதை வாய்விட்டுச் சொல்லல, மனசுக்குள்ளதான் சொன்னேன், ஆனா போட்டேன், அந்த ஒரு வார்த்தையைப் போட்டேன். அதனாலதான் இன்னைக்கு போர்டுல இருக்கிற ஐநூத்திப் பன்னெண்டு பிளாக்கும் வரிசையா வெளிய வருது. ஒரு பிளாக்கை அடைச்சு, புதுசா யாரும் உள்ள போகாமப் பாத்து, உள்ள இருக்கிற பக்கத்தையெல்லாம் ஒவ்வொண்ணா அஞ்சாம் போர்டுக்குக் கொண்டுபோய் வச்சு, காலியாச்சுன்னா அந்த பிளாக் ஆஃப்லைன். அப்புறம் அடுத்தது. வடசேரி வாடகை வீட்டுல இருந்து பார்வதிபுரத்துக்கு மாறினப்ப நான் இதையேதான் செஞ்சேன். அடுப்புல உலை கொதிச்சுக்கிட்டே இருந்துச்சு, பீரோ போச்சு, கட்டில் போச்சு, பிள்ளை ஸ்கூலுக்குப் போயிட்டு புது வீட்டுக்குத் திரும்பி வந்தான், சாப்பாடு சரியா ஒரு மணிக்குப் போட்டேன். எங்க வீட்டுக்காரரு மட்டும் நகரல. ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பாத்துட்டு வந்து பாயில படுத்த மனுசன், சுத்தி வீடே காலியாகுது, குறட்டை விட்டுக்கிட்டுக் கிடக்காரு. கடைசியில சுமை ஏத்துற ஆளுங்க சிரிச்சுக்கிட்டே, அக்கா, பாயோட சேத்துத் தூக்கட்டான்னு கேட்டாங்க. தூக்குங்கன்னுட்டேன். இதை இன்னைக்கும் சொந்தக்காரங்க கல்யாண வீட்டுல சொல்லிச் சிரிப்பாங்க.

நானூத்தி ரெண்டு. தாணு அண்ணன் போன்ல இருமுறாரு. இருமல்தான், வேற ஒண்ணும் இல்ல. அவரு வாயைத் தொறந்தா நான் இன்னும் அவரு கையைத்தான் பாக்குறேன், பதினொரு வருஷம் ஆகியும். அன்னைக்கும் அவருதான் அந்தப் பக்கம், நான்தான் இந்தப் பக்கம், பழைய சர்வர். முதல் தடவையா ஓடுற மிஷின்ல இருந்து போர்டை எடுக்கப் போறோம், இந்த ஜில்லாவுலயே யாரும் செய்யாததுன்னு எனக்கு ஒரே ஏத்தம். ஸ்கிரீன்ல கடைசி பிளாக்குங்க போய்க்கிட்டு இருந்துச்சு. போய்க்கிட்டு இருக்குன்னுதான் எழுதியிருந்துச்சு, போயாச்சுன்னு எழுதல, நான் அந்த ஒரு சொல்லைத்தான் உத்துப் பாத்துக்கிட்டிருந்தேன். தாணு அண்ணன் காதுல கதை சொல்லுற மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தாரு. "மேடம், லைட்டு மஞ்சளா இருக்கு." ம். "உள்ள ஃபேன் சத்தம் கூடுது." ம். "கொக்கி லூசாத்தான் இருக்கு." ம். "எடுக்கட்டா?" ம். அவ்வளவுதான். நாலாவது ம்முக்கு அவரு கொக்கியைத் தூக்கி இழுத்துட்டாரு. எனக்கு ஸ்கிரீன் கறுப்பாச்சு, அடுத்த ரூம்ல இருந்து ஆபரேட்டருங்க எல்லாரும் ஒண்ணா எழும்பின நாற்காலிச் சத்தம் கேட்டுச்சு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்ன ம் அது. நம்ம ஊருல யாரு பேசினாலும் உம் கொட்டலேன்னா பேசுறவங்களுக்குப் பேச்சே ஓடாது, போன் கட்டாயிட்டுதோன்னு ரெண்டு வாட்டி ஹலோம்பாங்க. சம்மதத்துக்கும் அதே ம்தான், கேக்கிறதுக்கும் அதே ம்தான், ஒரு இழுப்புல ஒரு வளைவுல வித்தியாசம் இருக்கு, நேர்ல பாத்தா தெரியும், போன்ல ஃபேன் இரைச்சலுக்குள்ள தெரியாது. தாணு அண்ணன் பொய் சொல்லல. விசாரணையில "மேடம் ம் சொன்னாங்க"ன்னாரு, உண்மைதானே. மூணு பேரு உக்காந்திருந்தாங்க, நடுவுல இருந்தவரு கேட்டாரு, ம் சொன்னீங்களா இல்லையான்னு. சொன்னேன் சார். அப்ப சம்மதம்தானே. நான் சொன்னேன், "சார், நீங்க பேசத் தொடங்கினதுல இருந்து நான் அஞ்சு வாட்டி ம் சொல்லிட்டேன், அஞ்சுக்கும் நான் சம்மதமா?" ஒருத்தரு மட்டும் சிரிச்சாரு. ரிப்போர்ட் இங்கிலீஷ்ல எழுதினாங்க. அந்த பாஷையில இந்த ம்மை எழுத வழி இல்லபோல, சம்மதித்தார்னு எழுதிட்டாங்க. ஒரு வருஷம் சர்வர் ரூம் சாவி என் கையில இல்ல. சாவி போனதுகூட பெரிசா வலிக்கல. ஆஸ்பத்திரியில ததேயுஸ் அண்ணன் இடது கையைக் கட்டி வச்சிருந்தாரு, சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்ல. நான் வாசல்லயே நிக்கிறேன். அவரு பாத்துட்டு, "உள்ள வா பிள்ளே, எட்டு இருக்கு, எண்ணிப் பாரு"ன்னாரு. அவரு சம்சாரம் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அந்த அம்மா செஞ்சதுதான் எனக்குச் சரின்னு பட்டுச்சு.

நானூத்தி நாப்பத்தெட்டு. அதுக்கப்புறம் சாவி கைக்கு வந்த அன்னைக்கே நான் போட்ட முதல் சட்டம், இந்த ரூம்ல போன்ல யாரும் ம் சொல்லக்கூடாது. கேக்கிறவரு சிலாட் நம்பரைச் சொல்லிக் கேக்கணும், பதில் சொல்லுறவரு அதே நம்பரைச் சொல்லி எடுங்கன்னோ நில்லுங்கன்னோ முழு வார்த்தையில சொல்லணும், கேட்டவரு அதைத் திருப்பிச் சொல்லணும். சுவத்துல ஒட்டியிருக்கேன். ஆரம்பத்துல கிண்டல்னா அப்படி ஒரு கிண்டல். ம் மேடம்னு பேரு வச்சாங்க. நான் வராண்டாவுல நடந்து போனா பின்னால ம், ம்னு சத்தம் வரும். ராஜாசிங் சாரே ஒருநாள் மீட்டிங்ல ம்னு சொல்லிட்டு, சாரி ஹெப்சி, சம்மதம்னு திருத்தினாரு, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், ஆனா சட்டத்தை எடுக்கல. இப்ப புதுசா வர்றவங்க யாருக்கும் அது வித்தியாசமாவே தெரியல. பக்கத்துக் கம்பெனிக்காரங்க வந்து அந்தத் தாளைப் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. எனக்கு அன்னைக்கு இருந்த பெருமைக்கு, வீட்டுக்குப் போற வழியில தோவாளையில பஸ்ஸை விட்டு இறங்கி நாலு முழம் பிச்சிப்பூ வாங்கி வச்சுக்கிட்டேன், ஒரு விசேஷமும் இல்லாம.

நானூத்தி எழுவத்தொம்பது. காலையில பத்தரைக்கு ததேயுஸ் அண்ணனைக் கூப்பிட்டேன், அண்ணே இறங்கிருங்க, நாலாம் போர்டை எடுக்கப் போறேன்னு. மேல காத்து இரையுற சத்தத்துக்குள்ள அவரு குரல். "எண்ணெய்க் குழாயைத் தொறந்துட்டேன் பிள்ளே, பாதியில விட்டா எண்ணெய் பூரா ஏணியில வழியும், கால் வைக்க முடியாது. ஒண்ணரை மணி நேரம் தா." அவ்வளவு நேரம் இந்த போர்டு தாங்குமான்னு தெரியாது அண்ணேன்னேன். "அப்ப எடு." எடுத்தா ஒருவேளை அன்னைக்கு மாதிரின்னு ஆரம்பிச்சேன், முடிக்கல. அவரு சொன்னாரு, "எடுக்காட்டாலும் ஆபத்து, எடுத்தாலும் ஆபத்து, அப்படித்தானே? எடுக்கிறது உன் கையில இருக்கு, எடுக்காம இருந்தா அந்த போர்டு கையில இருக்கு. எனக்கு உன் கைதான் பரவாயில்ல. எடு, வேலை கிடக்கு." வச்சிட்டாரு. எட்டு விரல்ல வேலை பாக்குற மனுசன் என் கைதான் பரவாயில்லேன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. நான் ரெண்டு நிமிஷம் போனை மேசையில வைக்காமலே பிடிச்சுக்கிட்டிருந்தேன். இதுக்கு மேல எனக்கு ஒரு அவார்டும் வேண்டாம். ஆனா அதை நினைச்சாலே உள்ளங்கை வேர்க்குது, அதுவும் நிஜம்தான்.

நானூத்தித் தொண்ணூத்தேழு. நானூத்தித் தொண்ணூத்தேழு. என்ன இது. இன்னும் நானூத்தித் தொண்ணூத்தேழுதான். சுத்துது, சுத்துது, அப்புறம் ஒரு வரி வருது, முடியலேன்னு. ஒரு பக்கம் நகரல. சிஸ்டம்கிட்ட எனக்குப் பிடிச்ச குணமே இதுதான், முடியலேன்னா முடியலேன்னு சொல்லிட்டு அந்த பிளாக்கை இருந்தது மாதிரியே திரும்ப வச்சிரும், வம்பு பண்ணாது, பிச்சுக்கிட்டு எடுக்காது. திரும்பக் கேட்டேன். முடியல. சரி, அதைத் தாண்டி மத்ததை எடுத்துப்பாருன்னேன். நானூத்தித் தொண்ணூத்தெட்டு, ஐநூறு, ஐநூத்தி எட்டு, ஐநூத்திப் பதினொண்ணு. எல்லாம் வந்துட்டுது, இது ஒண்ணைத் தவிர. ஐநூத்திப் பதினொண்ணு காலி, ஒண்ணு காலி இல்ல, அந்த ஒண்ணுக்காக போர்டை எடுக்க முடியாது. பிழைக் கணக்கு இந்தப் பக்கம் நானூத்தி முப்பதுக்குப் போயிட்டுது, ஒண்ணும் இல்லாத போர்டுல எங்க இருந்து வருது இத்தனை பிழை, அந்த ஒரு பிளாக்குல இருந்துதான், அங்கதான் சீக்கே. கதவு தொறக்குது, ராஜாசிங் சாரு தலையை மட்டும் நீட்டுறாரு. "என்ன ஹெப்சி, நிக்குதா? பேசாம ரீஸ்டார்ட் பண்ணிரலாமா?" மேல ஆளு இருக்கு சார்னேன். திரும்பிப் பாக்காமதான் சொன்னேன், குரல் கொஞ்சம் ஏறிட்டுது. "ததேயுஸா?" ஆமா சார். கதவை மெதுவா சாத்திட்டுப் போனாரு. தாணு அண்ணன் கண்ணாடி வழியா என்னையே பாக்குறாரு, புருவத்தை மட்டும் தூக்கினாரு. "நாலாம் சிலாட், நில்லுங்க"ன்னேன். "நாலாம் சிலாட், நிக்கிறேன்"னாரு. யாரு அந்தப் பக்கத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறது, அதைத்தான் முதல்ல பாக்கணும். கம்பத்துத் தகவல் வாங்குற புரோகிராமா, அதுன்னா தொலைஞ்சுது, அதை நிறுத்தவே முடியாது, நிறுத்தினா வாக்கி கத்தாது. வாக்கிக்கு அனுப்புறதா, அதையும் தொடக்கூடாது. தேடுறேன். விரல் தப்புத் தப்பா அடிக்குது, அழிச்சு அழிச்சு அடிக்கிறேன். அந்த புரோகிராமோட நம்பர் வந்துட்டுது. நம்பரைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. இல்ல, இருக்காது. ஒருக்கா பேரையும் பாத்துருவோம். பேரும் அதேதான். காவல்நாய்.

என் நாய். நான் எழுதினது. ஆறு வருஷமா ஒரு நிமிஷம்கூட நிக்காம ஓடுது, மத்த புரோகிராம் எல்லாம் உசிரோட இருக்கான்னு அரை செகண்டுக்கு ஒரு தடவை மோந்து பாத்துக்கிட்டே இருக்கும், ஏதாவது ஒண்ணு தடுமாறினா என் போன்ல குரைக்கும். ஆறு வருஷம் ஆன அன்னைக்கு நான் அல்வா வாங்கி எல்லாருக்கும் குடுத்தேன், பிள்ளைக்குப் பிறந்தநாள்னு நினைச்சுச் சாப்பிட்டாங்க. அதுதான் நாலாம் போர்டுல, அந்தச் சீக்குப் பிடிச்ச பிளாக்குல, நட்டநடுவுல படுத்துக்கிட்டு நகரமாட்டேங்குது. நகராது. நகரக்கூடாதுன்னு நான்தான் ஆணியடிச்சேன். நெட்வொர்க் கார்டுல இருந்து வர்ற தகவல் யார் கையும் படாம நேரா அதோட மடியில விழணும், அப்பதான் அந்த வேகம் வரும்னு அந்த ஒரு பக்கத்தை எங்கயும் நகத்தக்கூடாதுன்னு பிடிச்சு வச்சேன். அந்த வருஷம் மீட்டிங்ல அதைப் பத்தி அரை மணி நேரம் பேசினேன். ஏழு வருஷம் முன்னால நகத்தக்கூடியதை மட்டும் வைன்னு கண்டிஷன் போட்டவளும் நான்தான், அடுத்த வருஷமே அதுக்குள்ள போய் ஆணியடிச்சவளும் நான்தான். ராஜாசிங் சாருக்குத் தெரிஞ்சா சிரிப்பாரா, சிரிக்க மாட்டாரு, அதுதான் இன்னும் கஷ்டம். எனக்கு வெக்கமா இருக்கு. நிஜமாவே காது சூடாகுது. வேற யாராவது எழுதியிருந்தா இந்நேரம் அவங்க ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருப்பேன். சரி, திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம் ஹெப்சி. நாயை நிறுத்தினா பக்கம் விடுபடும், பிளாக் காலியாகும். ஆனா நாயை நிறுத்தினா எனக்குக் கண்ணு கிடையாது. மத்த புரோகிராம் உசிரோட இருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்ல ஆளில்ல, தாணு அண்ணன் போர்டை இழுக்கிற அந்த நேரத்துல, எந்த நேரத்துல நான் பாக்கணுமோ அந்த நேரத்துல. குருடியா உக்காந்திருக்கணும். ஏதாவது செத்துப்போனா ததேயுஸ் அண்ணன் கையில மூடி விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நாயை வேற இடத்துல வச்சுத் திரும்ப ஓட விடலாம், ஆனா அதுவும் கார்டைப் பிடிச்சு, ஆணியடிச்சு எழும்ப எட்டு நிமிஷம் ஆகும், எட்டு நிமிஷம் அந்த பிளாக் பிழை மேல பிழை போட்டுக்கிட்டு இருக்கும். பிழை நானூத்தி எழுவது. ஏறுது. சம்மதமா ஹெப்சின்னு யாரும் கேக்கல. என்கிட்ட கேக்கவும் ஆளில்ல, பதில் சொல்லவும் ஆளில்ல, நானே கேட்டு நானே முழு வார்த்தையில சொல்லணும். நிறுத்துறேன். சொல்லிட்டேன், சத்தமாவே சொன்னேன், தாணு அண்ணன் போன்ல "எதை மேடம்?"னாரு. என் நாயை அண்ணே, உங்களை இல்ல. ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினாலு நாள், மூணு மணி நேரம். என்டர் தட்டினேன். போயிட்டுது.

ஐநூத்திப் பன்னெண்டு. இப்ப போய்க்கிட்டு இருக்குன்னு எழுதியிருக்கு. எழுதியிருக்கட்டும். போய்க்கிட்டு இருக்கு. போய்க்கிட்டு இருக்கு. போயாச்சு. நான் அந்த ஒரு சொல்லைத் தொட்டுப் பாத்தேன், ஸ்கிரீன் மேல விரலை வச்சு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி. சிஸ்டம்கிட்ட போர்டுக்குக் கரண்ட்டை நிறுத்தச் சொன்னேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சை லைட்டு மஞ்சளாச்சு, மஞ்சள் அணைஞ்சுது. "நாலாம் சிலாட்" தாணு அண்ணன் குரல் நடுங்குது, எழுவது வயசுக்காரரு மாதிரி, மனுசனுக்கு அம்பத்தாறுதான், "நாலாம் சிலாட், லைட்டு அணைஞ்சிருக்கு, எடுக்கட்டா?" நான் ஒரு தடவை மூச்சு இழுத்தேன். "நாலாம் சிலாட், எடுங்க." "நாலாம் சிலாட், எடுக்கேன்." ரெண்டு கையாலயும் கொக்கியைத் தூக்கி மெதுவா இழுத்தாரு, அடுப்புல இருந்து சோத்துப் பானையை இறக்குற பக்குவத்துல. வந்துட்டுது. கையில பிடிச்சுக்கிட்டு என்னைப் பாக்குறாரு. என் ஸ்கிரீன் கறுப்பாகல. ஆனா ஸ்கிரீன் கறுப்பாகாததை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, கம்பத்து புரோகிராம் செத்திருக்கலாம், வாக்கிக்கு அனுப்புறது செத்திருக்கலாம், மிஷின் மட்டும் சும்மா கண்ணைத் தொறந்துக்கிட்டு நிக்கலாம். நாயைப் புது இடத்துல எழுப்ப ஆரம்பிச்சேன், எட்டு நிமிஷம். அடுத்த ரூம்ல நாற்காலிச் சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்தேன். யாரோ டீ கேக்குறாங்க. யாரோ நேத்து மேட்சைப் பத்திப் பேசுறாங்க. பேசுங்கடே, பேசிக்கிட்டே இருங்க. ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். தாணு அண்ணன் போர்டை ஒறையில போட்டு மேசை மேல வச்சுட்டு, அது பக்கத்துலயே நின்னுக்கிட்டாரு. மூணு. ஆடி மாசத்துல இந்தக் கணவாயில பகல் பதினொண்ணரைக்கு மேல காத்து ஏறாத நாளே கிடையாது, எனக்கு அது தெரியும், ததேயுஸ் அண்ணனுக்கும் தெரியும். வெளிய மரம் எப்படி ஆடுதுன்னு பாக்கணும்னு இருக்கு, இந்த ரூமுக்கு ஜன்னல் இல்ல. அஞ்சு நிமிஷம். போன் அடிச்சுது. ததேயுஸ் அண்ணன் பேரு. அண்ணேன்னேன். அந்தப் பக்கம் இரைச்சலே இல்ல, மூடின பெட்டிக்குள்ள இருந்து பேசுற குரல். "பிள்ளே, நாலு நிமிஷம் முன்னால வாக்கி கத்திச்சு, மேக்க இருந்து பெருங்காத்து வருதுன்னு. மூடியை அடைச்சிட்டு உள்ள இருக்கேன், இப்ப மேல வந்து அடிச்சுக்கிட்டிருக்கு, கேக்குதா? அதான் கூப்பிட்டேன். இப்ப அந்த போர்டை எடுத்துராத கேட்டியா. இந்தக் காத்து போகட்டும். பொறவு எடு." முழு வார்த்தையா சொன்னேன், "எடுத்து ஆறு நிமிஷம் ஆச்சு அண்ணே. நாலாம் போர்டு இங்க மேசை மேல கிடக்கு." மூடி மேல காத்து அடிக்கிறது இப்ப எனக்கும் கேட்டுச்சு, தகரத்துல மண்ணை வாரி எறியுற மாதிரி. அப்புறம் மெதுவா சொன்னாரு, "எனக்கு ஒண்ணுமே தெரியலியே பிள்ளே." இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணேன்னேன். சொன்னாரு.